கண்டி மலைகளில் ஒரு தமிழ்ச் சாசனம்

தென் அமெரிக்காவிலே, பெரு நாட்டின் அந்தீசு மலைத்தொடரில், கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,430 மீற்றர் உயரத்தில் மச்சு பிச்சு என்னும் கல் நகரம் அமைந்துள்ளது. இன்கா மன்னர்கள் 15ஆம் நூற்றாண்டில் அதனை எழுப்பினர். அதன் சிறந்த சுவர்களில் சாந்து இல்லை. கல்லோடு கல்லை இழைத்துப் பொருத்திய அச்சுவர்கள் நில நடுக்கங்களையும் தாங்கி நிற்கின்றன. அவற்றைக் காண்பதற்கு நாற்றிசையிலிருந்தும் மக்கள் குடும்பம் குடும்பமாக மலையேறுகின்றனர்.

ஏறிச் சென்ற குடும்பத்தில் ஒரு சிறுவன், "இதனைக் கட்டிய சிற்பியின் பெயர் என்ன?" என்று கேட்பானாயின், வழிகாட்டியிடம் விடை இராது. இன்கா மக்கள் எழுத்தை அறியாதவர்கள். பல நிறக் கயிறுகளில் முடிச்சுகள் இட்டு வரியையும் குடித்தொகையையும் கணக்கு வைத்தனர். அம்முடிச்சுகளின் பொருள் இன்றளவும் முழுதாக விளங்கவில்லை. 1911ஆம் ஆண்டில் அமெரிக்கப் பேராசிரியர் ஐராம் பிங்கம் அங்கே சென்று உலகறியச் செய்தபோது, நகரம் ஊமையாகவே கிடந்தது. (அவர் சென்ற வேளையில் அங்கே உழவர் குடும்பங்கள் பயிரிட்டு வாழ்ந்துகொண்டிருந்தன என்பதையும் சொல்ல வேண்டும். "கண்டுபிடித்தார்" என்னும் சொல்லை அளந்தே வழங்குதல் நன்று.) அந்நகரை அதன் மக்கள் எப்பெயரால் அழைத்தனர் என்பதிலேயே ஆராய்ச்சியாளரிடையே வாதம் நடைபெறுகிறது.

நம் நாட்டிலும் மலைகளுக்கு நடுவே பழங்கட்டடங்கள் உண்டு. அவற்றைக் காண்பதற்கு அந்தீசு மலை ஏற வேண்டியதில்லை. கண்டி நகரிலிருந்து கொழும்பு வீதியில் ஒரு மணி நேரத்துக்குள் சென்று சேரலாம். அவை ஊமைகளும் அல்ல. கட்டிய சிற்பியின் பெயர், கட்டுவித்தவர் பெயர், கட்டிய ஆண்டு ஆகிய மூன்றையும் அங்குள்ள பாறைகள் சொல்லுகின்றன. அவற்றுள் ஒரு பாறை தமிழிலும் சொல்லுகின்றது.

பாடசாலை விடுமுறை வந்தால் யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் கொழும்பிலிருந்தும் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் கண்டிக்குப் போகின்றன. தலதா மாளிகையைத் தரிசித்து, வாவிக்கரையில் உலாவி, பேராதனைப் பூங்காவில் ஒரு பகலைக் கழித்து, பிள்ளைகளுக்கு ஏதேனும் வாங்கிக்கொண்டு திரும்புவது வழக்கம். பூங்காவிலிருந்து மேற்கே இன்னும் சில மைல் சென்றால் பிலிமத்தலாவை வரும். பித்தளை விளக்குகளும் தட்டங்களும் விற்கும் கடைகள் வீதியோரத்தில் வரிசையாக நிற்கும் ஊர் அது. அங்கிருந்து தெற்கே பிரியும் சிறிய வீதியிலேதான் கடலாதெனியாவும், இலங்காதிலகமும், எம்பெக்கேயும் ஒன்றையடுத்து ஒன்றாக இருக்கின்றன. மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். இப்பகுதிக்கு உடுநுவரை என்று பெயர்.

இக்கோயில்கள் மலைக்குள் எழுந்த காரணத்தைச் சுருக்கமாகக் கூறினால் போதும். அநுராதபுரமும் பொலன்னறுவையும் சமவெளி நகரங்கள். அவை பெருங்குளங்களின் நீரால் வாழ்ந்தவை. 1215ஆம் ஆண்டளவில் மாகனின் படையெடுப்பு நேர்ந்தபின் சிங்கள அரசு தம்பதெனியா, யாப்பகூவா, குருநாகல் எனப் படிப்படியாகத் தெற்கு நோக்கி நகர்ந்தது. 1341 அளவில் நாலாம் புவனேகபாகு மன்னன் மகாவலி கங்கைக் கரையிலுள்ள கம்பளையைத் தலைநகராக்கினான். மலையே மதிலாகவும், காடே அகழியாகவும் அமைந்த நாடு அது. அவன் ஆட்சி தொடங்கிய சில ஆண்டுகளுக்குள்ளேயே, ஒரே ஆண்டில், 1344இல், இரு பெருங்கோயில்கள் எழுந்தன.

முதலாவது கடலாதெனியா. பரந்த பாறை ஒன்றின் முதுகில் அமைந்த புத்தர் கோயில் அது. எனினும், தமிழ்நாட்டுக் கோயில்களைப் பார்த்துப் பழகிய கண்கள் அதன் முன்மண்டபத்தைக் கண்டவுடன் வியப்படையும். அடுக்கடுக்காகச் செல்லும் அதிட்டான வரிகள், சதுரமும் பட்டையும் மாறி மாறி வரும் கருங்கற்றூண்கள், ஆடல் மகளிரும் இசைப்போரும் செதுக்கப்பட்ட கற்பலகைகள் யாவும் தென்னிந்தியச் சிற்ப மரபின் கைவண்ணமே. கூரைக்கு மேலே விமானம் போன்ற சிகரம் எழுகிறது. இதற்கான காரணத்தைப் பாறையிலுள்ள கல்வெட்டு மறைக்கவில்லை. கணேசுவராசாரி என்னும் சிற்பாசாரியின் தலைமையில் கோயில் கட்டப்பட்டதென்று அது பதிவு செய்கின்றது. பெயரைக் கேட்டவுடனே மரபு விளங்கும்.

கட்டுவித்தவர் தர்மகீர்த்தி என்னும் தேரர். அவர் ஆந்திர தேசத்துத் தானியகடகத்தில், அதாவது இன்றைய அமராவதியில், இரண்டு நிலைகள் கொண்ட புத்தர் படிமக்கோயில் ஒன்றைப் புதுப்பித்தார் என்றும் அதே கல்வெட்டுக் கூறுகின்றது. இந்தியாவில் பௌத்தம் பெரும்பாலும் மறைந்துவிட்ட காலம் அது. அக்காலத்தில் இலங்கை மலைநாட்டுத் துறவி ஒருவர் கடல் கடந்து சென்று அங்குள்ள கோயிலைத் திருத்தினார். தென்னிந்திய மரபில் வந்த சிற்பியைக் கொண்டு இங்கே கோயில் எடுத்தார். அமராவதியின் பௌத்தத்தைப் பற்றிய கடைசிச் செய்திகளுள் ஒன்று ஆந்திரத்தில் அன்றிக் கண்டிக்கு அருகிலுள்ள ஒரு பாறையில் கிடைத்திருப்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

கடலாதெனியாவிலிருந்து வயல்களினூடே சில மைல் சென்றால் பன்கல்கலைப் பாறைமேல் இலங்காதிலகம் வெண்மையாக எழுந்து நிற்பதைக் காணலாம். பாறையில் வெட்டிய படிகளின் வழியே ஏறவேண்டும். வயது முதிர்ந்தோர் கைப்பிடித்து மெல்ல ஏறுவது நலம். மழை நாட்களில் பாறை வழுக்கும். கடலாதெனியா கருங்கல்லால் ஆனது; இது செங்கல்லும் சுதையும் கொண்டது. கட்டியபோது நான்கு மாடிகளோடு 80 அடி உயரம் இருந்ததாகச் சொல்லப்படுகின்றது. மேல்நிலைகள் காலப்போக்கில் இடிந்தன. பின்னாளில் கண்டி முறைப்படி ஓட்டுக்கூரை வேயப்பட்டது. கட்டுவித்தவர் மன்னனின் முதன்மை அமைச்சரான சேனாலங்காதிகாரர். சிற்பி ஸ்தபதிராயர். இந்தப் பெயரும் தென்னாட்டு மணம் கமழ்வதே.

கிழக்கு வாயிலால் உள்ளே சென்றால் மகர தோரணத்தின் கீழே அமர்ந்த நிலையில் பெரிய புத்தர் திருவுருவம் உள்ளது. கோயிலைச் சுற்றி வந்தால் அதே கட்டடத்தின் புறமாடங்களில் தெய்வங்கள் எழுந்தருளியிருக்கக் காணலாம். உப்புல்வன், சமன், விபீடணன் ஆகியோரோடு கணபதியும் கந்தனும் அங்கே உளர். நல்லூர்க் கந்தனையும் ஊர்ப் பிள்ளையாரையும் நாள்தோறும் வணங்கும் பாட்டியர், இம்மலைமேல் பிள்ளையாரைக் கண்டதும் தம்மையறியாது தலையில் குட்டிக்கொள்வர். அவர்களை வியப்போடு நோக்குவார் அங்கே எவரும் இல்லை. அருகில் நிற்கும் சிங்களக் கிழவியும் அதே தெய்வத்தின் முன்னேதான் பூத்தட்டோடு நிற்கிறாள்.

கோயிலுக்கு அருகே பாறையின் மேற்பரப்பிலே இரண்டு சாசனங்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. ஒன்று சிங்களம்; மற்றொன்று தமிழ். தமிழ்ச் சாசனம் சக ஆண்டு 1266 என்று காலம் குறிக்கின்றது. கிறித்து ஆண்டுக் கணக்கில் அது 1344 ஆகும். கோயில் எழுந்த செய்தியையும், அதற்கு அளிக்கப்பட்ட நிலங்களையும் சாசனங்கள் எடுத்துரைக்கின்றன. இன்று பள்ளியில் தமிழ் கற்ற பிள்ளை அதனைத் தடையின்றி வாசித்துவிட முடியாது. அக்காலத் தமிழ் எழுத்தின் வடிவம் வேறு. புள்ளியிடும் வழக்கம் கல்வெட்டுகளில் அரிது. வடசொற்களுக்குக் கிரந்த எழுத்துகள் இடையிடையே கலந்துவரும். எனினும் சற்றுப் பொறுமையோடு குனிந்து பார்த்தால் க, ட, ப, ம என்று சில எழுத்துகள் முகம் காட்டும். பாறைக் கல்வெட்டுகளைப் பார்க்கக் காலையும் மாலையும் ஏற்ற வேளைகள். வெயில் சாய்ந்து விழும்போதே வெட்டுகளில் நிழல் தங்கும். உச்சிப் பொழுதில் எழுத்துகள் கண்ணுக்குப் புலப்படா.

புத்தர் கோயில் ஒன்றின் நிலக் கொடையைத் தமிழில் ஏன் வெட்டினார்கள்? சிந்திக்கத்தக்க வினா இதுவே. நில உறுதி என்பது அலங்காரத்துக்காக எழுதப்படுவதன்று. அதனை மதித்து நடக்கவேண்டியவர்கள் வாசித்து அறிவதற்காகவே எழுதப்படுவது. ஆகவே, 1344இல் இம்மலைச் சாரலில், அல்லது இதனோடு தொடர்புடைய ஊர்களில், தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்களும், அவர்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்று கருதிய அமைச்சர் ஒருவரும் இருந்தனர் என்று கொள்ளலாம். வாசித்தவர்கள் வணிகரா, சிற்பிகளா, படைவீரரா, குடிகளா என்பதில் அறிஞர் கருத்துகள் பலவாறாக இருக்கலாம். இத்தகைய சாசனங்களைத் தொகுத்து விளக்கிய பேராசிரியர் சி. பத்மநாதன் போன்றோரின் நூல்களை நாடுவோர்க்கு விரிவான செய்திகள் கிடைக்கும்.

அக்காலத்து அரசியலும் இதனோடு பொருந்துகிறது. அதே 1344ஆம் ஆண்டில் மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இபன் பதூதா மாலைதீவிலிருந்து இலங்கைக்கு வந்தார். புத்தளக் கரையில் அவரை வரவேற்றவர் ஆரியச்சக்கரவர்த்தி. யாழ்ப்பாணத்து அரசரான அவருக்குக் கப்பல்களும் முத்துக்குளிப்பும் இருந்தன. அவருடைய உதவியோடுதான் இபன் பதூதா மலையேறிச் சிவனொளிபாதத்தைத் தரிசித்தார். கண்டிக்கு அருகே மெதவளையில் உள்ள மற்றொரு கல்வெட்டு, 1359ஆம் ஆண்டினது என்று கருதப்படுவது. மலைநாட்டின் சில பகுதிகளில் வரி வாங்குவோரை நியமிப்பது பற்றி மார்த்தாண்டன் என்பவரோடு செய்துகொண்ட உடன்பாட்டை அது குறிப்பிடுகின்றது. அவரை யாழ்ப்பாண அரசராகக் கொள்வர் அறிஞர் பலர். பின்னர் அளகேசுவரர் அவ்வரி வாங்குவோரைத் துரத்தினார் என்று சிங்கள நூல்கள் கூறும். அவருடைய குலமோ தென்னிந்தியாவிலிருந்து வந்தது. யார் எந்தப் பக்கம் என்று கோடு கிழிப்பதற்கு அந்த நூற்றாண்டு எளிதில் இடம் தராது.

இங்கே இரு வகையான தவறுகள் நேர்வதுண்டு. ஒரு சாரார் இத்தமிழ்ச் சாசனத்தைக் கண்டவுடன் இலங்காதிலகம் முழுவதையும் தமிழர் உடைமையாக்கிவிடுவர். சாசனமே அதனை மறுக்கின்றது. கட்டுவித்தவர் சிங்கள மன்னனின் அமைச்சர், கோயில் புத்தருடையது. மற்றொரு சாரார் மலைநாட்டில் தமிழ் என்பது கோப்பித் தோட்டக் கூலியாட்களோடு 19ஆம் நூற்றாண்டில் வந்திறங்கியதே என்பர். அதற்கு 500 ஆண்டுகள் முன்னரே வெட்டிய எழுத்து பாறையில் இருக்கிறது. ஆனால், அன்று தமிழ் வாசித்தோரும் பின்னர்த் தோட்டங்களுக்கு வந்தோரும் ஒரே மக்கள் அல்லர். அவர்கள் இருவேறு காலத்தில், இருவேறு காரணங்களால் வந்தவர்கள். பாறை சொல்லாததை அதன் வாயில் திணிக்கக்கூடாது.

இலங்காதிலகத்திலிருந்து சிறிது தூரத்தில் எம்பெக்கே இருக்கின்றது. கதிர்காமத் தெய்வத்துக்கு, அதாவது கந்தனுக்கு, மூன்றாம் விக்கிரமபாகு மன்னன் காலத்தில் எழுந்த தேவாலயம் அது. கல்லைப் பார்த்த கண்களுக்கு இங்கே மரம் விருந்தளிக்கும். முரசு மண்டபத்து மரத்தூண்களில் பின்னிய கழுத்துடைய அன்னங்கள், இருதலைப் பறவை, மற்போர் வீரர், ஆடும் மங்கை, குழந்தைக்குப் பாலூட்டும் தாய் எனப் பலவும் செதுக்கப்பட்டுள்ளன. மண்டபத்தில் மொத்தம் 514 செதுக்கல்கள் என்று எண்ணியிருக்கின்றனர். பிள்ளைகள் எண்ணத் தொடங்கினால் பொழுது சாய்ந்துவிடும். தச்சுத்தொழில் அறிந்தோர் கூரையை அண்ணாந்து பார்ப்பர். 26 கைமரங்கள் ஒரு முனையில் வந்து கூடுகின்றன. அவற்றை ஒரே மர ஆணி இறுகப் பிடித்து நிற்கிறது. மலைநாட்டுக் கைவினைஞரின் இத்தகைய திறன்களை உலகுக்கு எடுத்துச் சொன்ன பெருநூல், 1908இல் ஆனந்த குமாரசுவாமி எழுதிய "இடைக்காலச் சிங்களக் கலை" ஆகும். சிங்களக் கலையைப் பற்றிய தலைசிறந்த நூலை எழுதியவர் ஈழத்துத் தமிழ்க் குலத்தில் தந்தைவழி வந்தவர். சிங்கள அமைச்சர் எடுத்த கோயிலிலே தமிழ்ச் சாசனம் இருப்பதை வியப்போர் இதனையும் எண்ணிப் பார்க்கலாம்.

இனி மீண்டும் இன்கா நாட்டை நோக்குவோம். இசுப்பானியர் 1533இல் கூஸ்கோ நகரைக் கைக்கொண்டனர். எஞ்சிய இன்கா மன்னர்கள் வில்கபம்பா என்னும் மலைக்காட்டுப் பகுதிக்குப் பின்வாங்கி அங்கிருந்து போராடினர். 1572இல் கடைசி இன்கா துபாக் அமாரு பிடிபட்டுக் கொல்லப்பட்டான். மலை அவர்களைக் காத்தது ஏறத்தாழ 35 ஆண்டுகள். போர்த்துக்கேயர் இலங்கைக் கரையில் 1505இல் இறங்கினர். கம்பளைக்குப் பின் எழுந்த கண்டி இராச்சியமோ 1815 வரை விழவில்லை. 1594இல் தந்துறையிலும், 1638இல் பேராதனைக்கு அருகிலுள்ள கன்னொறுவையிலும் போர்த்துக்கேயப் படைகள் அழிந்தன. ஒல்லாந்தரும் மலைநாட்டை வென்று தம் வசம் வைத்திருக்க இயலவில்லை.

இந்த வேற்றுமைக்கு மலையின் உயரம் காரணமன்று. அந்தீசு மலையோ கண்டியைவிட மிக உயரம். இன்கா நாட்டில் இசுப்பானியர் வருமுன்பே பெரியம்மை போன்ற புதிய நோய் பரவி மன்னனையும் மக்களையும் வாரிக்கொண்டு சென்றது. அரசுரிமைக்காகச் சகோதரர் இருவர் போரிட்டுக்கொண்டிருந்த வேளையில் பகைவர் புகுந்தனர். கண்டி அரசுக்கோ கடல் கடந்த உறவு அறவே அற்றுப்போனதில்லை. புத்தளம், கொட்டியாரம், மட்டக்களப்புத் துறைகள் வழியாக உப்பும் துணியும் ஆளும் வந்தன. மதுரையிலிருந்து அரசிகள் வந்தனர். 1739 முதல் அந்நாயக்கர் குலத்தினரே அரசரும் ஆயினர். மலைக்குள் ஒடுங்கிய அரசு உலகைவிட்டு ஒதுங்கிய அரசாக இருந்ததில்லை. கணேசுவராசாரியை வரவேற்ற அதே வாயில் நானூறு ஆண்டுகளாகத் திறந்தே இருந்தது. கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன் 1815இல் மெதமகாநுவரையில் பிடிபட்டு, பின்னர் வேலூருக்கு அனுப்பப்பட்டு, 1832இல் அங்கேயே மறைந்தான்.

அரசு போனபின்னும் உடுநுவரைக் கோயில்கள் மச்சு பிச்சுவைப் போலப் பாழடையவில்லை. அதற்கும் பாறையில் வெட்டிய நில உறுதிகளே பெருங்காரணம். கோயில் நிலத்தை உழுபவன் கோயிலுக்கு ஊழியம் செய்ய வேண்டும். ஒரு குடும்பம் முரசு கொட்டும். ஒன்று எண்ணெய் கொண்டுவரும். ஒன்று கூரை வேயும். மற்றொன்று திருவிழாவில் தீவட்டி பிடிக்கும். நிலம் தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லும்போது ஊழியமும் உடன் சென்றது. 1870ஆம் ஆண்டில் ஆங்கிலேய அரசு இயற்றிய சட்டம் ஊழியத்துக்கு ஈடாகப் பணம் செலுத்தவும் இடமளித்தது. ஆயினும் பரம்பரை உரிமையென்று கருதி முரசு கொட்டும் குடும்பங்கள் இம்மலைநாட்டுக் கோயில்களில் இன்னும் உண்டு. சம்பளத்துக்கு ஆள் வைத்துக் காத்த கோட்டைகள் பல தரைமட்டமாயின. வயலையும் முரசையும் ஒன்றாகக் கட்டிவைத்த கோயில்கள் நிலைத்தன.

யாழ்ப்பாணம் திரும்பும் குடும்பங்களுக்கு வழியிலேயே இன்னும் ஒரு காட்சி காத்திருக்கிறது. மாத்தளைக்கு வடக்கே நாலந்தாவில் பெருவீதியைவிட்டுச் சிறிது கிழக்கே சென்றால் கெடிகே என்னும் சிறிய கற்கோயில் தோன்றும். இது கம்பளைக் காலத்துக்கும் மிக முந்தியது. 8ஆம் நூற்றாண்டுக்கும் 10ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டதாகப் பலர் மதிப்பிடுகின்றனர். மாமல்லபுரத்து இரதங்களைப் பார்த்தவர்கள் இதன் கூடுகளையும் தூண்களையும் சிகரத்தையும் கண்டால் அதே பல்லவப் பாணி என்பர். வழிபடப்பட்டதோ புத்தர்.

போவதென்னை நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டபோது இக்கோயில் நீரில் மூழ்க இருந்தது. தொல்பொருள் திணைக்களத்தார் 1970களில் அதனைக் கல் கல்லாகப் பிரித்து, உயர்ந்த மேட்டுக்குக் கொண்டுசென்று, 1980ஆம் ஆண்டளவில் மீண்டும் கட்டி எழுப்பினர். இன்று மூன்று புறமும் நீர் சூழ நிற்கிறது. அது முன்னர் நின்ற தாழ்நிலத்துக்கு அருகே சென்ற வடக்கு வழியாகத்தான் 19ஆம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கிய தோட்டத் தொழிலாளர் காடுகளினூடே கால்நடையாக மாத்தளைக்கு வந்தனர். காய்ச்சலாலும் பசியாலும் அவ்வழியில் மாண்டவர் மிகப் பலர். அவர்கள் பெயரை எழுதிய கல் எதுவும் அங்கில்லை.